செத்துப்போன விரிசல்

வீட்டு வாசல்படி உடைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். அதனால்தான் நீங்கள் எந்தச் சங்கத்திலும் பொறுப்பில் இல்லை. கண்ணாடிக்காரரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அப்போது அவர் விவரம் தெரியாத மனிதராக இருந்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்தப் பகுதியில் பாதிப் பேருடைய பார்வை அவர் கையில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கடைசி வரியைப் படிக்க முடியாமல் திணறும்போது, "பரவால்ல, நிதானமா பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு தனி சுகம். சொந்த வீட்டு வாசலில் மேல்படி பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது மட்டும் இரண்டு மழைக்காலமாக அவர் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிப் பெண்தான் அதைப் பார்த்தாள்.

அவள் வந்தது அவருடைய மனைவிக்காக. மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. குடியிருப்பு முழுக்க அவளுக்கு பி.டி. டீச்சர் என்றுதான் பேர். ஆயுசு முழுக்க அடுத்தவர் பிள்ளைகளை ஓடவிட்டதில் தன் முட்டி தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்திருந்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள நடந்தது போதும் டீச்சர். இனிமே வெளியில இறங்கி தெரு முனை வரைக்கும் நடக்கணும். விட்டுட்டா முட்டி இறுகிப்போயிடும். அப்புறம் மடக்கறதும் கஷ்டம், நீட்டறதும் கஷ்டம்" என்றாள் பிசியோதெரபிப் பெண். சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று படிகளில் மேல்படியின் முன்ஓரம் ஒரு முழத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. துருப்பிடித்த கம்பி வெளியே பல்லைக் காட்டியது. அங்கிருந்து சுவர் வரை ஒரு விரிசல் ஓடியது.

"இந்தப் படியில நான் இவங்கள இறக்க மாட்டேன் சார். சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க."

"பின்வாசல் இருக்கேம்மா?" என்றார் கண்ணாடிக்காரர்.

பின்வாசலுக்குப் படியே கிடையாது. கதவைத் திறந்தால் முழங்கால் ஆழத்தில் துவைக்கிற இடம். அந்தப் பெண் அதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவரைப் பார்த்த பார்வையில், இவருக்கும் கண் பரிசோதனை தேவை என்ற முடிவு தெரிந்தது.

கொத்தனார் வந்தார். விரலால் தட்டினார், இன்னொரு துண்டு கையோடு வந்தது. "அரை நாள் வேலை சார். உதிர்றதெல்லாம் கொத்தி எடுத்துட்டு, கம்பிய தேச்சு, பலகை அடிச்சு ஊத்திடலாம். ஆனா சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுருங்க. கேக்காம ஒரு வீட்டுல பூசிட்டேன், அதுலேருந்து கேட்டுல என்னைப் பாத்தாலே வாட்ச்மேன் எழுந்து நிக்கறாரு. மரியாதைக்கு இல்ல."

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது, வெளியே தெரிவது சங்கத்துடையது என்பது விதி. நீங்கள் ஜன்னலோரம் நின்றால் உங்கள் முகம் யாருடையது என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

சங்க அலுவலகம் மோட்டார் அறைக்குப் பக்கத்தில். தலைவர் எடை அளவுத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். டீ வந்தாலும் டம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கி அளவு பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பக்கத்தில் செயலாளர், தலைவர் பேசும்போது தலையாட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார்.

"விரிசலுக்கு வயசு என்ன?" என்று கேட்டார் தலைவர்.

"தெரியலைங்களே."

"அது பிறந்தப்ப நீங்க பாக்கலையா?"

"கடையில இருந்திருப்பேன்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் இப்படியும் பெற்றோர்களா என்பதுபோலத் தலையாட்டினார்.

"சார், விரிசல்ல ரெண்டு ஜாதி. ஒண்ணு உயிரோட இருக்கறது, இன்னொண்ணு செத்துப்போனது. உயிரோட இருக்கறது வளரும். செத்தது வளராது. அவசரப்பட்டு சிமெண்டைப் பூசறவனுக்கு இது தெரியாது. நாங்க என்ன பண்ணுவோம், விரிசலுக்குக் குறுக்கால ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டுவோம். விரிசல் நகர்ந்தா சில்லு உடையும். உடைஞ்சா உயிர் இருக்கு. உடையலைன்னா செத்துப்போச்சு. அது வரைக்கும் கண்காணிப்பு. கண்காணிப்புல இருக்கறதை யாரும் தொடக் கூடாது, மிதிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது."

இது ஒன்றும் தலைவர் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டதில்லை. பெரிய பாலங்களுக்கும் கோபுரங்களுக்கும் எஞ்சினியர்கள் செய்வதுதான். அதைச் சங்கம் வாசல்படிக்கும் துவைக்கிற கல்லுக்கும் கொண்டுவந்திருந்தது.

"ஒரே ஒரு குறை" என்றார் செயலாளர். "நல்ல சில்லு கிடைக்கறதில்ல. உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியைத்தான் பொறுக்கி ஒட்டறோம். தலைவருக்கு மனசே ஆறல."

இந்த இடத்தில் கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். நாமாக இருந்தால் வந்திருப்போம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் தனக்குத் தெரிந்த விஷயம் பேச்சில் வந்துவிட்டால் எந்த மனிதனுக்கு நாக்கு சும்மா இருக்கும்?

"கண்ணாடிதானே? நான் தரேனே. ஒரே கனம், ஓரம் தேச்சு, பளபளன்னு."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சார், இத்தனை வருஷம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

இருபதடி தள்ளி அதே தெருவில்தான் இருந்தார். ஆனாலும் அந்தக் கேள்வியில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படியைச் சரிசெய்ய அனுமதி கேட்கப் போனவர், சட்டையில் 'விரிசல் கண்காணிப்பு உறுப்பினர்' என்ற பேட்ஜைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

"படி என்னாச்சு?" என்றாள் மனைவி.

"என்னைக் கமிட்டியில சேத்துட்டாங்க!"

"நான் உங்களைக் கேக்கல. படியைக் கேட்டேன்."

"இனிமே நாமதானே கமிட்டி! நம்ம படி நம்ம கையில."

ஹால் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். கழுத்தில் பள்ளிக்கூட விசில். ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து வந்து கூப்பிட முடியாததால் விசிலில்தான் குடித்தனம் நடந்தது. குட்டையாக ஒன்று என்றால் வழி விடுங்க. குட்டையாக இரண்டு என்றால் இங்கே வாங்க. நீளமாக ஒன்று என்றால், என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை உடனே நிறுத்துங்க. பேட்ஜைப் பார்த்ததும் அவள் கை விசிலுக்குப் போனது. ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுப் பாவம் என்று விட்டுவிட்டாள். அதற்காக அவள் பிறகு ரொம்ப வருத்தப்பட்டாள்.

சில்லு ஒட்டும் நிகழ்ச்சி மறுநாள் நடந்தது. தலைவர் ரசமட்டம் வைத்துப் படியின் சாய்வைப் பார்த்தார். செயலாளர் குடை பிடித்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கண்ணாடிக்காரர் கடையில் ராவோடு ராவாகத் தேய்த்துக் கொண்டுவந்த சில்லை ஒட்டினார். குறுக்கே கயிறு கட்டினார்கள். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் பின்வாசல் வழியாகக் குதித்துக் கடைக்குப் போனார், திரும்பி வரும்போது ஒரு காலைத் தூக்கிப் போட்டு, கதவு நிலையைப் பிடித்துத் தொங்கி ஏறினார். துவைக்கிற இடத்தில் பாசி வழுக்கி ஒருநாள் விழுந்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

ஒட்டிய மறுநாள் காலையிலேயே சில்லு உடைந்திருந்தது. கயிற்றைத் தாண்ட முடியாத பேப்பர்காரர் தெருவில் இருந்தே பேப்பரைச் சுருட்டி வீசியிருந்தார். அது சரியாகச் சில்லின் மேல் விழுந்திருந்தது. கண்ணாடிக்காரர் உண்மையைச் சொல்லத்தான் போனார். அதற்குள் தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

"வாழ்த்துகள்! உயிரோட இருக்கு!"

"அப்ப... சரி பண்ணிடலாங்களா?"

"உயிரோட இருக்கறதை எப்படி சார் மூடறது? மூடினா உள்ளுக்குள்ளயே வளரும். அது வாழ்ந்து முடிக்கட்டும்."

செயலாளர் அந்த விரிசலின் நீண்ட ஆயுளை நினைத்துத் தலையாட்டினார்.

கண்ணாடிக்காரர் அன்று முழுக்க யோசித்தார். விரிசல் செத்தால்தான் படிக்கு விமோசனம் என்றால், சாகடித்துவிட வேண்டியதுதானே? கடையில் சின்னப் பிள்ளைகளின் கண்ணாடிக்குப் போடுகிற உடையாத பிளாஸ்டிக் லென்ஸ் இருந்தது. சுவரில் அடித்தாலும் விரிசல் விடாது. அதில் ஒரு பட்டை அறுத்து, ஓரம் தேய்த்து, உடைந்ததற்குப் பதில் புதுச் சில்லு ஒட்டுகிற சாக்கில் யாருக்கும் தெரியாமல் ஒட்டிவிட்டார். இப்படியொரு தந்திரம் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. பேப்பர் விழுந்தது. பூனை குதித்தது. பந்து ஒன்று வந்து மோதியது. பட்டை அசையவில்லை.

வாரங்கள் போயின. தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அதுவும் கண்ணாடிக்காரர் கடையில் வாங்கியதுதான். நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தி, "போயிடுச்சு" என்றார்.

கண்ணாடிக்காரருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "அப்ப கொத்தனாரை வரச் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு?"

"மூடறதுக்கு."

"செத்துப்போனது சார் அது. இனிமே வளராது, நகராது, யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஒண்ணும் பண்ணாததை எதுக்கு சார் தொந்தரவு பண்ணணும்?"

கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார். "உயிரோட இருந்தா மூடக் கூடாது. செத்துட்டா மூட வேண்டாம். அப்ப எப்பதாங்க மூடுவீங்க?"

"நல்ல கேள்வி" என்றார் தலைவர். அவர் முகம் கனிந்தது. "உயிர் போகுதே, அந்த நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துல மூடணும். இத்தனை காலமா அந்த நிமிஷத்தைத்தான் பிடிக்கப் பாத்துட்டிருக்கோம். அதுக்குப் பொறுமை வேணும். மத்த குடியிருப்புலல்லாம் போய்ப் பாருங்க, தப்புத் தப்பா மூடி வெச்சிருக்காங்க. நம்ம குடியிருப்புல ஒரு விரிசலைக்கூடத் தப்பா மூடினதில்ல."

"சரியாவும் மூடினதில்ல" என்றார் செயலாளர், பெருமை தாங்காமல். "அந்தப் பேச்சுக்கே நாங்க இடம் குடுத்ததில்ல."

நியாயமாகப் பார்த்தால் பேட்ஜைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டிய இடம் இது. கண்ணாடிக்காரரின் கை பேட்ஜ் வரைக்கும் போகவும் செய்தது. அப்போது தலைவர் சொன்னார்: "ஒண்ணு கவனிச்சீங்களா சார்? நம்ம சங்க வரலாற்றுலயே கண்காணிப்புல வெச்சு ஒரு விரிசல் செத்தது இதுதான் முதல் தடவை. அது உங்க கையால நடந்திருக்கு. பொதுக்குழுவுல நீங்க பேசணும்."

பேட்ஜ் வரைக்கும் போன கை அதை நேராக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கடையை மதியமே மூடிவிட்டு, இரவல் ரசமட்டத்தோடு வீடுவீடாகப் போய் விரிசல்களுக்கு நலம் விசாரித்தார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் வழிமறித்தாள். அவள் வாசலில் சாக்கடை மேல் போட்டிருந்த கான்கிரீட் மூடி நடுவில் உடைந்து உள்ளே இறங்கிக் கிடந்தது. பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீங்க கமிட்டியில இருக்கீங்க, கொஞ்சம் சொல்லுங்க. ஜாக்கெட் வாங்க வர்றவங்க பலகையில கால் வெக்கப் பயப்படறாங்க. அளவெடுக்க நான் தெருவுக்கு டேப்போட ஓட வேண்டியிருக்கு."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இது உயிரோட இருக்கும்மா. உயிரோட இருக்கறதை எப்படி மூடறது? அது வாழ்ந்து முடிக்கட்டும். அவசரப்பட்டா முடியுமா? இதுக்கெல்லாம் பொறுமை வேணும்."

ஜன்னலில் இருந்து நீளமாக ஒரு விசில் கிழித்துக்கொண்டு வந்தது.

பின்வாசல் வழியாகத் தொங்கி ஏறி உள்ளே போனார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வெளியில பேசினது யாரு?"

"நான்தான். ஏன்?"

"இல்ல. எனக்குத் தெரிஞ்சவர் அப்படிப் பேச மாட்டார். கடைக்கு ஒருத்தர் வந்து கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்னா, முழுக்க மங்கட்டும் அப்புறம் வாங்கன்னா சொல்லுவீங்க?"

"அது வேற, இது வேற..."

"என்ன வேற? இங்க பாருங்க." அவள் காலை மடக்கிக் காட்டினாள். பாதியில் நின்றது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் இழுத்தாள், வரவில்லை. "போன வாரம் இதைவிட மடங்கிச்சு. தினம் தினம் கொறையுது. ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஓட வெச்சேன். நான் இந்த ஜன்னல்லயே உக்காந்து முடிஞ்சுபோயிடுவேனோன்னு இருக்கு. எனக்குப் பயமா இருக்குங்க."

அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஆபரேஷன் அறைக்குள் போகும்போதுகூட, கடைச் சாவியை மறந்துடாதீங்க என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தவித்தார். கடைசியில் அவர் வாயில் வந்தது இதுதான்: "பொதுக்குழு மட்டும் முடியட்டும். என் பேச்சு இருக்கு."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

பொதுக்குழுவில் அவர் பிரமாதமாகப் பேசினார். ஒரு விரிசலின் கடைசி நாட்களை அவர் விவரித்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று பிறகு தெரிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் தலைவர் எழுந்து, "வாங்க, எல்லாரும் போய் அதை ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவோம்" என்றார்.

அதே நேரத்தில் வீட்டு வாசலில் நடந்தது இது. பி.டி. டீச்சர் வாசலுக்கு உட்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலும் கையுமாக வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதிர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்தாள், கம்பியைத் தேய்த்தாள், தண்ணீர் விட்டு ஊறவைத்து, துணி வெட்டுகிற பலகையை ஓரத்தில் அண்டைகொடுத்து, சிமெண்டும் மணலும் சின்ன ஜல்லியும் குழைத்துப் போட்டு, கொத்தனார் வேலிக்கு மேலாக நீட்டிய கரண்டியால் இழுத்துவிட்டாள். கொத்தனார் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தான் எதையும் பார்க்கவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

"கூடைப்பந்துக் கம்பம் நட்டப்ப நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். இன்னும் கொஞ்சம் அழுத்து. ஓரத்துல காத்து நிக்கப்போகுது" என்றாள் டீச்சர்.

"கழுத்துப்பட்டி தெக்கிற மாதிரித்தான் இருக்குக்கா. ஓரம் வந்துட்டா மத்ததெல்லாம் வந்துடும்."

படி பளிங்குபோல வந்திருந்தது. ஈரச்சாக்கு எடுக்கத் தையல்காரம்மா உள்ளே போன நேரத்தில், ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்தது.

கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார். ஆனால் முன்னால் பார்த்துக்கொண்டு வரவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, கையை ஆட்டி விளக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தார். நீளமாக ஒரு விசில் கேட்டது. அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் புருஷன் வருகிற அழகைப் பார்த்து விசிலடிக்கிறாளே! இன்னும் நீளமாக இன்னொரு விசில். "போதும், போதும்" என்று பின்பக்கமாகக் கையை அசைத்தபடி, கயிற்றைத் தூக்கி, முதல் படி, இரண்டாம் படி ஏறி, மூன்றாம் படியில் வலது காலை வைத்தார்.

கால் இறங்கியது.

தலைவர் மெதுவாக முன்னால் வந்து படியைப் பார்த்தார்.

"விரிசல் எங்கே?"

"காணோமே" என்றார் செயலாளர்.

"கண்காணிப்புல இருந்த விரிசலைக் காணோம்!" தலைவரின் குரல் நடுங்கியது. "செத்துப்போனதை யாரோ அனுமதியில்லாம மூடியிருக்காங்க!"

ஈரச்சாக்கோடு வந்து நின்ற தையல்காரம்மா, "செத்ததை மூடத்தானே சார் செய்வாங்க? எத்தனை நாளைக்கு வெச்சுக்கிட்டு இருப்பாங்க?" என்றாள்.

அவசரக் கூட்டம் அங்கேயே, தெருவிலேயே நடந்தது. கண்ணாடிக்காரர் ஒற்றைச் செருப்போடு அதில் கலந்துகொண்டார். இன்னொன்று படியில் இருந்தது. தலைவர் தீர்ப்புச் சொன்னார்: படியை உடைத்து, விரிசலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உடைக்க வேண்டியவர் பொறுப்பு உறுப்பினரான கண்ணாடிக்காரர். "ஆனா ஈரத்தை உடைச்சா அது உடைச்சதா ஆகாது, வழிச்சதாத்தான் ஆகும். நல்லா இறுகட்டும். அதுக்கப்புறம் முறைப்படி உடைப்போம்."

உடைக்கப்போகிற கான்கிரீட் உறுதியாக இருக்க வேண்டும் என்பதில் சங்கம் கறாராக இருந்தது. அதனால் காலையும் மாலையும் சாக்கை நனைக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தது. கண்ணாடிக்காரர் பின்வாசலில் குதித்து, வாளியோடு வீட்டைச் சுற்றி வந்து, பேட்ஜோடு குனிந்து தண்ணீர் ஊற்றினார். மனைவி ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசவும் இல்லை, விசிலடிக்கவும் இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததே கிடையாது. நீளமாக ஒன்று அடித்துவிட மாட்டாளா என்று அவர் ஏங்கிப்போனார்.

குறித்த நாள் காலையில் சங்கம் முழுக்க வாசலில் கூடியது. சாக்கை எடுத்தார்கள். படி கல்லாக இறுகியிருந்தது. நடுவில் அவருடைய வலது கால்தடம், செருப்பின் வார்முதற்கொண்டு அச்சாக இருந்தது. தலைவர் தட்டிப் பார்த்துவிட்டு, "அருமையான வேலை. உடைக்கறதுக்கே மனசு வரல" என்று சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துக் கண்ணாடிக்காரர் கையில் கொடுத்தார்.

"இந்தப் படி நமக்கு ஒரு பாடம்" என்று பேச்சைத் தொடங்கினார். "இன்னிக்கு ஒரு படியைச் சரி பண்ண விட்டோம்னா, நாளைக்கு எல்லாப் படியும் சரியாயிடும். அப்புறம் சங்கம் எதுக்கு?"

செயலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மறுபடி ஆட்டினார்.

அப்போது கதவு திறந்தது. பி.டி. டீச்சர் வாக்கரோடு நின்றாள். பக்கத்தில் பிசியோதெரபிப் பெண். அவள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற ஆட்கள் எல்லோரும் பின்வாசலில்தான் குதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல டீச்சர். அவசரமே இல்ல" என்றாள் அந்தப் பெண். அவளே மேல்படியில் நின்று குதித்துப் பார்த்து, திருப்தியாகி, கையை நீட்டினாள்.

டீச்சர் இறங்கினாள். மேல்படியில் கால் வைத்தபோது முகம் வலியில் சுருங்கியது. படி அசையவில்லை. அடுத்தது. அடுத்தது. தரையில் நின்று, ஒரு பெரிய மூச்சு விட்டு, ஆகாயத்தைப் பார்த்தாள். பிறகு சுத்தியலோடு நின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்தாள்.

"உடைக்கறதுன்னா உடைங்க. நான் தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வரேன். திரும்பி வரும்போது படி இருந்தா வீட்டுக்குள்ள வரேன். இல்லன்னா அப்படியே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். அங்க படியே கிடையாது."

பிசியோதெரபிப் பெண் ஓரடி பின்னால் வர, வாக்கரைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து, டீச்சர் தெருவில் நடந்து போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"ம், ஆரம்பிங்க சார்" என்றார் தலைவர்.

கண்ணாடிக்காரர் சுத்தியலைத் தூக்கினார். மூன்றாம் படியில் தன் கால்தடத்தைப் பார்த்தார். தெரு முனையைப் பார்த்தார். அங்கேதான் மைத்துனர் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். சொன்னால் செய்கிறவள் அவள். இந்த இடத்தில் அவர் வீரமாக ஏதோ செய்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், தூக்கிய சுத்தியலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அவர் அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் பண்றீங்க?"

என்ன பண்ணுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "கண்காணிக்கறேன்."

"எதை?"

"இந்தப் படியை. புதுசு இல்லையா, விரிசல் விடுதான்னு பாக்கணும். கண்காணிப்புல இருக்கறதை உடைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது அவை கலங்கியிருந்தன. "சில்லு கூட ஒட்டாம, உறுப்பினரே நேர்ல உக்காந்து கண்காணிக்கறாரு! எந்தக் குடியிருப்புல சார் நடக்கும் இது? இத்தனை நாளா நமக்குத் தோணலையே!" கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். "எழுந்துடாதீங்க சார். விரிசல் விழற வரைக்கும் எழுந்துடாதீங்க" என்று கேட்டுக்கொண்டு, கூட்டத்தோடு டீ குடிக்கப் போனார்.

தெரு காலியானது. கண்ணாடிக்காரர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வருகிற யாரைப் பார்த்தாலும் அவளாகவே தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அவள் இல்லை. இன்னும் துடைத்தார். போயே போய்விட்டாளோ என்று தோன்றிய நேரத்தில், முனையில் வாக்கர் திரும்பியது.

பிசியோதெரபிப் பெண் ஓரடி பின்னால் நிற்க, மனைவி மெதுவாக வந்து அவருக்கு எதிரில் நின்றாள். மூச்சு வாங்கியது, முகம் வேர்த்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு களையை அவர் பார்த்ததில்லை.

"உடைக்கலையா?"

"இல்ல."

"சங்கம்?"

"என்னை இங்கயே உக்காரச் சொல்லியிருக்காங்க. விரிசல் விழற வரைக்கும்."

அவள் அவரையும் படியையும் மடியில் இருந்த சுத்தியலையும் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு விசிலை எடுத்துக் குட்டையாக ஒன்று அடித்தாள்.

கண்ணாடிக்காரர் சட்டென்று எழுந்து கீழே இறங்கி ஒதுங்கி நின்றார். அந்தப் படிக்காக அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அவள் நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள். மேல்படிக்கு வந்தபோது அவருடைய கால்தடத்தில் பாதத்தைப் பதித்து, "இங்க மட்டும் வழுக்காது போலிருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குட்டையாக இரண்டு விசில் கேட்டது. கண்ணாடிக்காரர் குனிந்து, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் போனார்.